கட்டிலுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஒரு சுற்றுலா மலரின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "கப்பல் கேபின்ல போனு, லேப்டாப்பு எல்லாம் எங்க சொருகுறதுன்னு தெரியாம ஜனங்க தவிக்கிறாங்க. நீங்கதான் ஒரு தடவை போயிட்டு வந்தீங்களே, அறுநூறு வார்த்தையில உருப்படியா ஒண்ணு எழுதிக் கொடுங்க. உங்க இலக்கியத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு எழுதுங்க" என்றார். சரி என்றேன். உருப்படியாக ஏதாவது எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கும் ரொம்ப நாளாக உண்டு.

முதல் பத்தி மளமளவென்று வந்தது. அதை அப்படியே இங்கே வைக்கிறேன்:

"உல்லாசக் கப்பல்களின் கேபின்களில் பிளக் பாயிண்ட்கள் குறைவு. பழைய கப்பல் என்றால் மேசை மேல் ஒன்று, குளியலறையில் சவரக் கருவிக்கு ஒன்று, அவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தீப்பிடிக்கும் என்ற பயம். ஆனால் சோர்ந்துவிடாதீர்கள். மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் கைவிட்டுப் பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால்"

அத்தோடு நின்றுபோனது. ‘தலைமாட்டுக்குப் பின்னால்’ என்று எழுதிய மாத்திரத்தில் அங்கே ஒருவர் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்று வயது. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். கழுத்தில், குரல்வளை இருக்கவேண்டிய இடத்தில், சின்ன வெள்ளைத் துணி.

நான் அவரைக் கூப்பிடவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் இருந்தார். கட்டுரைக்குள் ஆள் வந்து படுத்துவிட்டால் கட்டுரை போயே போய்விட்டது என்று அர்த்தம். (ஆசிரியருக்கு: மன்னிக்கவும் ஐயா. பிளக் பாயிண்ட் இருக்கும் இடங்களைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். வேண்டியதை வெட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.)

2

எங்கே தொடங்குவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று.

"கடல் அன்று காலை"

அடித்துவிட்டேன். கப்பல் கதை கடலில்தான் தொடங்கவேண்டும் என்று யார் சொன்னது? என் கட்டுரைக்குள் வந்து படுத்த அந்த வயர்மேனுக்கும் அவர் மனைவிக்கும் கிடைத்த கேபினுக்குச் சன்னலே கிடையாது. ஐந்து நாளில் அவர்கள் கடலைப் பார்த்ததைவிடச் சுவரைப் பார்த்ததுதான் அதிகம்.

"குரல் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்த அந்தப் பரிதாபத்துக்குரிய மனிதர்"

இதையும் அடித்துவிட்டேன். என்ன பரிதாபம்? முப்பத்தெட்டு வருஷம் வயர்மேன் வேலை பார்த்தவர். அவர் ஊரில் பாதி வீட்டுச் சுவர்களுக்குள் ஓடுவது அவர் கை இழுத்த வயர். பாவம் என்று எழுதினால் கதையை விட்டு எழுந்து போய்விடுவார், மனிதர் அப்படிப்பட்டவர்.

ஆகவே கப்பல் ஏறும் இடத்தில் தொடங்குகிறேன். பெட்டிகளை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விட்டு எடுக்கிற காவலர், வயர்மேனின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே, வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவில், பத்திரமாகச் சுற்றிவைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கடையில் வாங்கியது இல்லை. அவரே செய்தது. தடித்த வயர், ஃபியூஸ், ஒவ்வொரு திருகும் கையால் முடுக்கியது.

"இதெல்லாம் உள்ள விடமாட்டாங்க சார். இறங்குறப்ப வாங்கிக்கோங்க" என்று காவலர் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார்.

வயர்மேன் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

(டார்ச் என்பது அந்த வீட்டில் வைத்த பெயர். பார்க்க ஒரு சின்ன டார்ச் லைட் மாதிரியே இருக்கும் குரல் கருவி அது. அதன் வாயைத் தாடைக்குக் கீழே கழுத்தில் அழுத்திப் பொத்தானைப் பிடித்தால் உர்ரென்று அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் வார்த்தை ஆக்கும். ஏற்ற இறக்கம் இருக்காது. கோபமும் கொஞ்சலும் ஒரே குரலில்தான் வரும்.)

"இது நான் செஞ்சது. ஃபியூஸ் இருக்கு" என்றது டார்ச்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். ஒரு அம்மா தன் குழந்தையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வயர்மேனுக்கு இது பழகிப்போனது. பழகாதது அவர் மனைவிக்கு. அவள் முகம் சிவந்து, காவலரிடம் அவசர அவசரமாக, "அவர் ஒண்ணும் சொல்லல சார். நீங்க எடுத்து வச்சுக்கோங்க" என்றாள். பிறகு அவர் கையைப் பிடித்து, "வாங்க, பின்னாடி எல்லாரும் நிக்கிறாங்க."

அவர் ஒண்ணும் சொல்லல. இந்த மூன்று வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டுதான் வயர்மேன் கப்பல் ஏறினார். நானும்தான்.

3

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எது பணயம் என்று தெரியாமல் வாசகரை இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது.

கப்பல் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பு, மருத்துவமனையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். குரல்வளையோடு சேர்த்து எடுத்த புற்றுக்கட்டி திரும்ப வந்திருக்கிறது, நாக்கின் அடியில். மறுபடி அறுவை சிகிச்சை. செய்தால் பல வருஷம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நாக்கில் பெரும்பகுதியை எடுக்கவேண்டி வரும்; அதன்பிறகு டார்ச்சுக்கும் வேலை இருக்காது, வார்த்தை உருவாக நாக்கு வேண்டுமே. செய்யாவிட்டால் ஒரு வருஷம், கூடுதலாக ஒரு ஆறு மாதம்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டாக்டர் வயர்மேனைப் பார்த்துக் கேட்டார். நல்ல டாக்டர். அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

வயர்மேன் டார்ச்சை எடுத்தார். கழுத்துத் துணியை விலக்கி, சரியான இடம் பார்த்து வைப்பதற்கு மூன்று நான்கு விநாடி ஆகும். அந்த மூன்று நான்கு விநாடிக்குள் அவர் மனைவி, "பண்ணிடலாம் டாக்டர். அவருக்கும் சம்மதம்தான்" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் முதல் செவ்வாய். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று மகள் கப்பல் டிக்கெட் எடுத்தாள். கப்பல் திரும்புவது அதற்கு முந்தின சனிக்கிழமை.

வயர்மேன் சம்மதிக்கவில்லை. அவர் சொல்ல நினைத்தது, வேண்டாம் என்பதுதான்.

‘எழுதிக் காட்டியிருக்கலாமே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எழுதினார். மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே, நாட்காட்டித் தாளின் பின்பக்கம், "எனக்கு ஆபரேஷன் வேண்டாம். பேசணும்" என்று எழுதி நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். நான்காக மடித்தாள். மருத்துவமனைக் காகிதங்கள் இருந்த கோப்பில் வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க, ஆறிடும்" என்றாள். தாளை மடிக்கலாம். காதை மடிக்க முடியாது. அதனால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். வீட்டில் டார்ச்சை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்தது, குழாய் திறந்தது, மிக்ஸி ஓடியது. உதட்டைப் படிக்கத் தெரிந்தவள்தான். தண்ணீர், துண்டு, பேப்பர் எல்லாம் சத்தமில்லாமலே புரியும். ஆனால் உதட்டைப் படிக்க முகத்தைப் பார்க்கவேண்டும். பத்து நாளாக அவள் முகம் கொடுக்கவில்லை.

கப்பலில் அடுப்படி கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு கேபின். எங்கே போவாள்? அந்த நம்பிக்கையில்தான் அவர் கப்பலுக்குச் சரி என்று தலையாட்டினார்.

4

கப்பல் ஏறும் இடத்தில் பேசிய அந்த ஐந்தாறு வார்த்தையோடு டார்ச்சின் சார்ஜ் தீர்ந்தது. பழைய பேட்டரி. வைத்திருந்த இன்னொன்று போன மாதமே வீங்கிவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற இரண்டு மணி நேரம் வேண்டும்.

மறுநாள் காலை, மேசை மேலிருந்த ஒரே பிளக் பாயிண்டில் அதைச் சொருகிவிட்டுக் காலை உணவுக்குப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் உயிர் இல்லை. வயர்மேன் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவோரம், விளக்கு எரிவதற்காகச் சாவி அட்டையைச் சொருகிவைக்கும் துளை. வெளியே போகும்போது அட்டையை உருவிக்கொண்டு போகிறோம். அறையின் மின்சாரம் மொத்தமும் அப்போதே நின்றுவிடுகிறது. முப்பத்தெட்டு வருஷ வயர்மேனுக்கு இது பிடிபட அரை நிமிடம்கூட ஆகவில்லை. துளைக்கு எந்த அட்டை என்ற பேதம் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். மணிபர்சைத் திறந்து, காலாவதியான தன் வயர்மேன் லைசென்ஸ் அட்டையை எடுத்துச் சொருகினார். விளக்கு எரிந்தது. இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்து நான் பார்த்ததில்லை. (நான் அவரைப் பார்க்கத் தொடங்கியே ஒரு வாரம்தான் ஆகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.)

மறுபடி சொருகிவிட்டு மதிய உணவுக்குக் கிளம்பினார்கள். "நீங்க முன்னாடி போங்க, நான் கதவைச் சாத்திட்டு வர்றேன்" என்றாள் மனைவி.

திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது. பிளக் மட்டும் கழன்று மேசை மேல் இருந்தது. வயர் அழகாக எட்டு வடிவத்தில் சுற்றிவைக்கப்பட்டிருந்தது.

இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அவள்மேல் வீண்பழி வரும். கல்யாணமான முதல் வருஷம், அயர்ன் பாக்ஸைச் சொருகியபடி விட்டுப்போன ஒரு வீடு எரிந்ததை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் சட்டம்: வெளியே கிளம்பினால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவைக்கவேண்டும். வயரை எட்டு வடிவத்தில் சுற்றவேண்டும், மடித்தால் உள்ளே கம்பி நொறுங்கும். தெருமுனை வரை போய், "டிவி பிளக்கைப் பிடுங்கினியா?" என்று கேட்டு அவளைத் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. முப்பத்தாறு வருஷம். இன்று அவள் கை தானாகப் போகிறது.

வயர்மேன் பிளக்கைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ, பழக்கதோஷங்க! நீங்க பழக்கினதுதானே" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் குலுங்கியது. தான் சொல்லிக்கொடுத்த பாடம் தன் வாயையே கட்டிப்போட்டதில் அவருக்கு ஒரு வாத்தியாரின் திருப்திகூட இருந்திருக்கலாம்.

5

இந்த இடத்தில் ஒரு பெண்மணி வருகிறார். கேபின்களைச் சுத்தம் செய்து, கட்டில் விரித்து, துண்டு மாற்றிவைக்கிற வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். இவர் கதைக்குத் தேவையா என்று ரொம்ப யோசித்தேன். முதல் வரைவில் இவருக்கு ஒரு ஊரும், கடன்காரத் தம்பியும், முழங்கால் வலியும் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். முழங்கால் வலி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

மூன்றாம் நாள் காலை மேசை பிளக்கில் மனைவியின் போன் ஏறிக்கொண்டது. மகள் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் பயந்துபோவாள். அதில் நியாயம் இருந்தது. வயர்மேன் வேறு இடம் தேடினார். குளியலறையில் இருந்தது சவரக் கருவிக்கு மட்டும். டார்ச்சின் சார்ஜர் அதில் பொருந்தவில்லை. மேசைக்கு அடியில் ஒன்றும் இல்லை. தொலைக்காட்சிக்குப் பின்னால் இருந்ததைத் தொலைக்காட்சியே பிடித்துக்கொண்டிருந்தது, வயரைச் சுவரோடு பூட்டியிருந்தார்கள். அவர் நாற்காலியில் ஏறி நிற்பதைப் பார்த்த பெண்மணி பதறிப்போனார்.

"சார், சார், இறங்குங்க! என்ன வேணும்? பிளக்கா? கட்டிலுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. நாங்க வேக்குவம் போடுறது அதுலதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஆளாளுக்குக் கட்டிலை இழுக்க ஆரம்பிச்சா என் முட்டி போயிடும்."

(நான் ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டேன். அக்கா, மன்னிச்சுக்கோங்க.)

அப்படித்தான் அவர் குப்புறப் படுத்தார். என் கட்டுரைக்குள் வந்து விழுந்த அதே கோலம். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் சந்து. தோள் வரை கை போனால்தான் பிளக் எட்டும். சொருகி, சார்ஜரில் சிவப்புப் புள்ளி எரிவதைப் பார்த்து, எழுந்து மனைவியிடம் விரலை ஆட்டினார்: இது கூடாது.

"தொடவே மாட்டேன், போதுமா?" என்று அவள் சிரித்தாள்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள், "குளிருதுங்க. சால்வை எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனாள். சால்வையோடு வந்தாள். முகத்தில் லேசாக வியர்வை இருந்தது.

மதியம் அவர் கேபினுக்குத் தனியாக வந்தார். டார்ச் உயிரில்லாமல் கிடந்தது. சார்ஜர் பிளக், கம்பளத்தின் மேல், சுவரோரம். வயர் எட்டு வடிவத்தில். டெஸ்டரைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார், எரிந்தது. மின்சாரத்தின்மேல் குற்றமில்லை.

வெளியே நடையில் பெண்மணி துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். "சார், அக்கா தேடிட்டிருந்தாங்களே, கம்மல் திருகு, கிடைச்சுதா? பாவம், தரையில படுத்து அப்படித் துழாவினாங்க. நான் துண்டு வைக்க வந்தப்ப பார்த்தேன்."

அவர் தலையாட்டி வைத்தார். தேநீர் நேரத்தில் மனைவியின் காதைப் பார்த்தார். வளையம் போட்டிருந்தாள். அதற்குத் திருகே கிடையாது.

ஏன் பிடுங்கினாய் என்று கேட்கவேண்டும். கேட்பதற்கு டார்ச் வேண்டும். டார்ச்சைப் பிடுங்கியது ஏன் என்பதுதான் கேள்வியே. அவர் தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

6

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நான்கு நாள் ஒரு வரிகூட எழுதவில்லை.

மேசைமேல் இருந்ததைப் பிடுங்கியது பழக்கம். அதை நான் நம்புகிறேன், அவரும் நம்பினார். ஆனால் தரையில் படுத்து, தோள் வரை கைவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பிளக்கைப் பழக்கத்தில் யாரும் பிடுங்கமாட்டார்கள். அப்படியானால் இவள் யார்? புருஷன் வாயை அடைப்பவளா? அவளை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. பதினான்கு மாதமாக அந்தக் கழுத்துத் துளையைத் தினம் இரண்டு வேளை சுத்தம் செய்வது அவள்தான். மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருபத்திரண்டு நாள் தூங்கியவள். அந்தக் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லையா, அல்லது அந்தக் குரல் சொல்லப்போவதையா? கேட்டுப் பார்த்தேன். கதாபாத்திரங்களிடம் கேட்டால் பதில் வரும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு வந்ததில்லை. அவள் என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் அப்பாவின் கடைசிக் காலத்தில், "உங்களுக்கு வலி எப்படி இருக்கு?" என்று அவரைப் பார்த்துக் கேட்ட நர்ஸுக்கு, "பரவாயில்ல சிஸ்டர், தாங்கிக்கறாரு" என்று பதில் சொன்னது நான். அப்பாவுக்கு அப்போது நன்றாகப் பேச வரும். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் டார்ச்சைக் கடலில் வீசுகிறாள். சினிமாத்தனம். போதாததற்கு, கேபினுக்குச் சன்னல் இல்லை என்று முன்பே எழுதித் தொலைத்திருந்தேன். மேல்தளம் வரை அதைத் தூக்கிக்கொண்டு போய் வீசுகிறவளை எப்படி மன்னிப்பது?

இரண்டாவதில் மகள் போனில் எல்லாம் தெரிந்து, "அம்மா, அப்பாவைப் பேச விடு" என்று சொல்ல, மூவரும் அழுது

இல்லை. பிள்ளைகள் வந்து தீர்த்துவைக்கிற விஷயமில்லை இது.

மூன்றாவது, ஆசிரியர் ஐயாவுக்குப் பிடித்திருக்கும்: பெண்மணி ரகசியமாகத் தன் அறையில் டார்ச்சைச் சார்ஜ் செய்து கொண்டுவந்து கொடுக்கிறார். பயனுள்ள குறிப்பு: கேபின் பணியாளர்களிடம் கேளுங்கள், உதவுவார்கள். இதை இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தபோது வயர்மேனுக்கு அதில் வேலையே இல்லை. இன்னொருவர் உபயத்தில் கிடைக்கிற குரலை அவர் கையில் வாங்கமாட்டார்.

நீங்கள் கேட்கலாம்: இரவில் தூங்கும்போது சொருகிவைத்தாலோ, அவரே சார்ஜர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் காவல் உட்கார்ந்தாலோ தீர்ந்ததே? ஆமாம், தீர்ந்தது. அவருக்கும் அது தெரியும். அவர் அப்படிச் செய்யவில்லை. செய்ததைச் சொல்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

7

நான்காம் நாள், காலை பத்து மணி. வயர்மேன் மனைவியைக் கட்டிலில் உட்காரவைத்தார். அவள் பார்க்கப் பார்க்கக் குப்புறப் படுத்து, கட்டிலுக்குப் பின்னால் பிளக்கைச் சொருகினார். எழுந்து, சிவப்புப் புள்ளியைக் காட்டினார். தன் வாயைக் காட்டினார். அவளைக் காட்டினார். இரண்டு விரல் நீட்டினார்: இரண்டு மணி நேரம். பிறகு கதவைத் திறந்துகொண்டு மேலே போய்விட்டார்.

போகும்போதே முடிவு செய்துவிட்டார். திரும்பி வரும்போது பிளக் பிடுங்கியிருந்தால், அதுதான் பதில். செவ்வாய்க்கிழமை போய்ப் படுத்துக்கொள்வார். வேண்டாம் என்று இனி ஒரு தடவைகூட உதட்டை அசைக்கமாட்டார். நாக்கை எடுத்துக்கொள்ளட்டும். அவளுக்கு அவர் உயிரோடு வேண்டுமென்றால் உயிரோடு இருந்துவிட்டுப் போவார்.

இது கோழைத்தனம் என்று அவரிடம் சொன்னேன். அவள் தலையில் எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு மேல்தளத்தில் காற்று வாங்குகிறீர்களே, இது என்ன நியாயம்? அவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுப்பதும் திரும்பச் சொருகுவதுமாக இருந்தார். அதைப் பார்த்தபிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் கழித்துக் கீழே இறங்கினார்.

கட்டில் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி இழுக்கப்பட்டிருந்தது. அந்தச் சந்தில், தரையில், சுவரில் முதுகு சாய்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். சார்ஜர் அவள் பக்கத்திலேயே பிளக்கில் இருந்தது. பச்சைப் புள்ளி எரிந்தது. டார்ச் அவள் மடியில்.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

டார்ச்சை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். உர்ரென்ற சத்தம் மட்டும் வந்தது. இடம் தப்பு. அவர் மண்டியிட்டுச் சந்துக்குள் நுழைந்து, அவள் கையைப் பிடித்து, தாடைக்குக் கீழே சதை மெத்தென்று இருக்கும் இடத்துக்கு நகர்த்தினார். அவள் வாயைத் திறந்தாள். அவளுடைய சொந்தக் குரலும் சேர்ந்து வந்து குழம்பியது. அவர் அவள் உதட்டில் விரலை வைத்து, கூடாது என்று தலையாட்டினார். மூச்சு விடாதே. வாயை மட்டும் அசை.

அவள் அசைத்தாள்.

"நான்தான் பிடுங்கினேன்" என்றது டார்ச். அவருடைய குரலில். பதினான்கு மாதமாக அவரிடமிருந்து வந்துகொண்டிருந்த, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்த, அதே குரலில்.

"ரெண்டு தடவையும்."

மேசைமேல் இருந்ததும் பழக்கம் இல்லை. அவர் சிரித்தாரே, அந்தத் தடவையும். நானும்தான் நம்பினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து டார்ச்சைப் பிடித்திருந்த விரல்மேல் விழுந்துகொண்டிருந்தது. குரலில் அது எதுவும் தெரியவில்லை. நேரம் சொல்வதுபோல வந்தது அடுத்த வாக்கியம்.

"நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்க. அதைக் காதால கேட்டுட்டு நான் எப்படிங்க இருப்பேன்?"

பொத்தானை விட்டாள். சத்தம் நின்றது. டார்ச்சைத் தன் முந்தானையில் துடைத்து அவர் கையில் வைத்தாள். பிறகு அவள் சொந்தக் குரலில், கம்மிப்போய், ஒரே ஒரு வார்த்தை:

"சொல்லுங்க."

8

அவர் சொன்னார்.

என்ன சொன்னார் என்று எழுதினேன். ஒருமுறை எழுதியது அவர் மருத்துவமனையிலிருந்தே வைத்திருந்த வார்த்தை. இன்னொருமுறை எழுதியது அதற்கு நேர் எதிரானது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு மனிதருக்கு மனசு மாறக்கூடாதா என்ன? இரண்டுமே உண்மைபோலத்தான் இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

கதையின் முடிவை வாசகரிடம் ஒப்படைப்பது எங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம். நீங்களும் தயாராகத்தான் இருப்பீர்கள். இதற்குள் ஒரு பதிலைப் பொருத்திப் பார்த்திருப்பீர்கள், வேண்டாம் என்றோ, சரி என்றோ. உங்களுக்கும் தரமாட்டேன். அவர் டார்ச்சைச் சரியான இடத்தில் வைப்பதற்குள் பதில் சொன்னவர்கள் போதும். அந்த மூன்று நான்கு விநாடி அவருக்கு வேண்டும்.

இவ்வளவு மட்டும் சொல்கிறேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், கம்பளத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்க இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கழுத்துத் துணியை விலக்குகிறார். அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுந்திருங்கள், நாம் வெளியே போய்விடலாம்.